மருத்துவர் பதில்கள்: உறங்கி எழுந்தும் தீராத சோர்வு

சிக்குன்குனியாவுக்குப் பிந்தைய மூட்டுவலி குறித்துச் சென்ற இதழில் எழுதிய பதிலைப் படித்துவிட்டு, வலியைவிட விலகாத சோர்வுதான் தங்களை முடக்கிப் போட்டிருக்கிறது என்று வாசகர்கள் பலர் எழுதியிருந்தனர். அவற்றுள் ஆறு கடிதங்களுக்கு இம்முறை விடை தருகிறேன். எழுதியவர்களின் பெயர்கள் அவர்கள் விருப்பப்படி தவிர்க்கப்பட்டுள்ளன.

கேள்வி: எனக்கு 36 வயது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் சிக்குன்குனியா வந்தது. காய்ச்சல் ஒரு வாரத்தில் போய்விட்டது, அசதி போகவில்லை. எட்டு மணி நேரம் தூங்கி எழுந்தாலும் உடம்பு அடித்துப் போட்டதுபோல் இருக்கிறது. தலைக்குக் குளித்த நாளில் என்னால் சமைக்க முடிவதில்லை. அடுப்பில் பாலை வைத்துவிட்டு அருகிலேயே நின்றும் பொங்கி வழிவதைக் கவனிக்கத் தவறுகிறேன். பொங்கலுக்கு முன் பரண் சாமான்களை இறக்கித் துடைத்தேன். அன்று நன்றாகத்தான் இருந்தேன். மறுநாள் மாலையில் படுத்தவள் ஒரு வாரத்துக்கு மேல் எழவில்லை. இரத்தசோகை இல்லை, தைராய்டு சரி, சர்க்கரை இல்லை என்கிறார்கள். மாமியார் எதையும் நேரடியாகச் சொல்வதில்லை, "நாங்களெல்லாம் பத்துப் பேருக்கு உலை வைத்தவர்கள்" என்பார். எனக்கு வந்திருப்பது என்ன? பழையபடி வாழ முடியுமா?
— வாசகி, தஞ்சாவூர் மாவட்டம்

பதில்: உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் படுவது பொங்கல் வேலையைப் பற்றிய வரிகள்தான். வேலை செய்த அன்று தாங்கிக்கொண்ட உடம்பு, ஒரு நாள் கழித்துச் சரிந்து, ஓய்வெடுத்தும் பல நாள் எழாமல் கிடப்பது சாதாரணக் களைப்பின் இயல்பு அன்று. அது நாட்பட்ட சோர்வு நோய்க்குறியின் தனி அடையாளம். எம்.இ./சி.எஃப்.எஸ். என்று மருத்துவ உலகில் சுருக்கிச் சொல்லப்படும் இந்நோய்க்கு, அமெரிக்காவின் தேசிய மருத்துவக் கழகம் 2015-இல் வகுத்த வரையறை எளிமையானது. ஆறு மாதங்களுக்கு மேலாக முன்பு செய்த வேலைகளைச் செய்ய முடியாத அளவுக்குச் சோர்வு இருக்க வேண்டும். உழைப்புக்குப் பின் இத்தகைய சரிவு வர வேண்டும். உறக்கம் புத்துணர்வு தராததாக இருக்க வேண்டும். இம்மூன்றோடு, சிந்தனையிலும் நினைவிலும் தடுமாற்றம் அல்லது எழுந்து நின்றால் படபடப்பும் தலைச்சுற்றலும், இவ்விரண்டில் ஒன்றாவது இருக்க வேண்டும். பால் பொங்கியதைக் கவனிக்கத் தவறியதை நான் கவனக்குறைவாக எண்ணவில்லை.

ஆயினும் கடிதத்தை மட்டும் வைத்து நோயை முடிவு செய்ய முடியாது. காசநோய், பி12 குறைபாடு, லூபஸ் போன்ற தன்னெதிர்ப்பு நோய்கள், உறக்கத்தில் மூச்சுத் தடைபடும் கோளாறு, மனச்சோர்வு ஆகியவற்றையும் பார்த்து விலக்கிய பிறகே இந்தப் பெயரைச் சூட்ட வேண்டும். இரத்தசோகையை முதலில் தேடியது சரியே. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் 53.4 விழுக்காட்டினர் இரத்தசோகை உள்ளவர்கள். ஆனால் தேடல் அங்கேயே நின்றுவிடுவதுதான் நம் ஊர்ப் பெண்களுக்கு நேரும் துயரம். கோவாவில் ஏறத்தாழ 2,500 பெண்களிடம் நடத்தி 2005-இல் வெளியிடப்பட்ட ஆய்வொன்றில், 12 விழுக்காட்டினர் ஆறு மாதங்களுக்கு மேலான சோர்வைக் கூறினர். அதற்கும் அவர்களுடைய ஹீமோகுளோபின் அளவுக்கும் தொடர்பு காணப்படவில்லை. வறுமை, கடன், வீட்டில் பெண்ணுக்குள்ள தாழ்ந்த நிலை ஆகியவற்றோடுதான் அது சேர்ந்து வந்தது. அந்தச் சோர்வும் உங்களுக்கு வந்திருக்கக்கூடிய நோயும் ஒன்றல்ல என்றாலும், இரும்புச்சத்து மாத்திரையை எழுதிக் கொடுத்துவிட்டுக் கோப்பை மூடும் மருத்துவர்கள் இரண்டையுமே தவறவிடுகிறார்கள்.

காய்ச்சலுக்கும் இதற்கும் உள்ள தொடர்பை ஆஸ்திரேலியாவின் டப்போ நகரில் முறையாகப் பின்தொடர்ந்து பார்த்திருக்கிறார்கள். எப்ஸ்டைன்-பார் வைரஸ், கியூ காய்ச்சல், ராஸ் ரிவர் வைரஸ் ஆகிய மூன்றில் ஒன்றால் பாதிக்கப்பட்ட 253 பேரைக் கவனித்ததில், ஆறு மாத முடிவில் 11 விழுக்காட்டினர் இந்நோயின் வரையறைக்குள் வந்தனர். தொடக்கக் காய்ச்சல் எவ்வளவு கடுமையாக இருந்தது என்பதே யார் மீளவில்லை என்பதைச் சுட்டியதேயன்றி, அவர்களுடைய மனப்பாங்கு அன்று. இம்மூன்றில் ராஸ் ரிவர் வைரஸ் சிக்குன்குனியாவின் நெருங்கிய உறவு. அதுவும் கொசு வழியே பரவி மூட்டுகளைப் பிடிப்பதுதான்.

பழையபடி வாழ முடியுமா என்ற கேள்விக்கு நேர்மையான விடை இதுதான்: பெரியவர்களில் முழுமையாகக் குணமடைவோர் குறைவு, ஓரளவு தேறுவோர் கணிசமாக உள்ளனர். தேறுவதற்கும் மோசமாவதற்கும் இடையில் உங்கள் கையில் உள்ளது, முடிகிற அளவை அறிந்து அதற்குள் நின்றுகொள்வது. நன்றாக இருக்கும் நாளில் தேங்கிய வேலையை எல்லாம் முடித்துவிடுவோம் என்று இறங்குவதைத்தான் முதலில் விட வேண்டும். குளியலறையில் ஒரு பிளாஸ்டிக் முக்காலி போட்டு உட்கார்ந்து குளியுங்கள். தலைக்குக் குளிக்கும் நாளில் சமையலை வேறொருவர் பார்க்கட்டும். காய் நறுக்குவதை உட்கார்ந்து, இரண்டு தவணையாகச் செய்யுங்கள். மாவைக் கடையில் வாங்குங்கள். அதில் ஒரு குறையும் இல்லை. வேலைக்கு நடுவே எடுக்கும் ஓய்வு, கைப்பேசியும் தொலைக்காட்சியும் இல்லாமல் கண்மூடிப் படுத்திருக்கும் ஓய்வாக இருக்கட்டும். மாமியாரிடம் இந்தப் பக்கத்தைப் படித்துக் காட்டலாம். பத்துப் பேருக்கு உலை வைத்தவருக்கு வேலையின் பாரம் தெரியாமல் இருக்காது.

கேள்வி: என் மகனுக்கு 29 வயது, மென்பொருள் நிறுவனத்தில் பணிபுரிகிறான். கொரோனாவுக்குப் பிறகு அவனுக்கு இந்நோய் என்று ஒரு நிபுணர் உறுதி செய்தார். இன்னொரு மருத்துவரோ, "படுத்தே கிடந்தால் தசை இளைத்துவிடும், நாளுக்குப் பத்து நிமிடம் நடை, வாரந்தோறும் ஐந்து நிமிடம் கூட்டிக்கொண்டே போ" என்றார். மூன்றாம் வாரத்தில் அவன் நிலைமை முன்னிலும் மோசமாகிவிட்டது. உடற்பயிற்சி கெடுதல் என்று யாராவது சொல்வார்களா? எதை நம்புவது?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், மதுரை

பதில்: உடற்பயிற்சி கெடுதல் என்று சொல்ல எந்த மருத்துவருக்கும் நா எழாது, அந்தப் பழக்கமே இந்த நோயாளிகளுக்குப் பெருந்தீங்கு செய்திருக்கிறது.

அந்த இரண்டாவது மருத்துவர் சொன்ன முறைக்கு ஒரு வரலாறு உண்டு. 2011-இல் பிரிட்டனில் 641 நோயாளிகளைக் கொண்டு நடந்த 'பேஸ்' ஆய்வு, படிப்படியாகக் கூட்டும் உடற்பயிற்சியும், எண்ணங்களையும் பழக்கங்களையும் பேச்சின் வழியே மாற்ற முயலும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையும் பயன் தருவதாக லான்செட் மருத்துவ இதழில் அறிவித்தது. நோயாளிகள் அதை ஏற்கவில்லை. ஆய்வுத் தரவுகளைக் கேட்டு வழக்காடி, 2016-இல் தீர்ப்பாயத்தின் ஆணைப்படி அவற்றைப் பெற்றனர். ஆய்வாளர்களே தொடக்கத்தில் எழுதி வைத்திருந்த அளவுகோலைக் கொண்டு மறுபடியும் கணக்கிட்டபோது, குணமடைந்ததாகச் சொல்லப்பட்டவர்களின் எண்ணிக்கை பெருமளவு சுருங்கிப் போயிற்று. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2017-இல் அந்தப் பரிந்துரையைத் தன் பக்கங்களிலிருந்து எடுத்துவிட்டது. பிரிட்டனின் மருத்துவ நெறிமுறை நிறுவனமான நைஸ் 2021 அக்டோபரில், குறித்த அளவில் கூட்டிக்கொண்டே போகும் உடற்பயிற்சித் திட்டங்களை இந்நோய்க்குத் தரக் கூடாது என்று வெளிப்படையாக எழுதியது. நடத்தைச் சிகிச்சையை நோயோடு வாழ்வதற்குத் துணையாகத் தரலாம். குணமாக்கும் என்று தரலாகாது என்பதும் அதே நெறிமுறையின் கூற்று. நம் ஊரில் இன்னும் பழைய பாடநூல்தான் பேசுகிறது.

உங்கள் மகன் சோம்பலால் விழவில்லை என்பதற்கு ஆய்வகச் சான்றும் உண்டு. அடுத்தடுத்த இரண்டு நாட்கள் மிதிவண்டி போன்ற கருவியில் மிதிக்க வைத்து மூச்சையும் இதயத்தையும் அளந்தால், உடலுழைப்பே இல்லாத நலமானவர் இரண்டாம் நாளும் ஏறக்குறைய முதல் நாள் அளவை எட்டிவிடுகிறார். இந்நோயாளிகளில் பலர் இரண்டாம் நாளில் குறைந்த பளுவிலேயே தங்கள் வரம்பைத் தொட்டுவிடுகின்றனர். இதை வாசித்துவிட்டு மகனை இந்தச் சோதனைக்கு அழைத்துச் செல்ல வேண்டாம். சோதனையே அவரைச் சரித்துவிடக் கூடும்.

இப்போது செய்ய வேண்டியது, நடைத் திட்டத்தை நிறுத்திவிட்டு, எந்த அளவு வேலையில் சரிவு வரவில்லையோ அந்த அளவைக் கண்டறிவது. காலையில் படுக்கையை விட்டு எழும் முன் நாடித்துடிப்பை எண்ணி ஒரு வாரம் குறித்து வைத்துச் சராசரி எடுங்கள். அதைவிட நிமிடத்துக்கு 15 துடிப்புக்கு மேல் கூடாமல் அன்றாட வேலைகளைச் செய்து பார்ப்பது, நோயாளிகளும் உடலியக்க ஆய்வாளர்களும் பயன்படுத்தும் தோராயமான வரம்பு. மணிக்கட்டில் கட்டும் சாதாரணக் கைக்கடிகாரமே இதற்குப் போதும். மாடிப்படி ஏறும்போதும், ஏன், உரத்த விவாதத்தின்போதும் அது எப்படித் தாண்டுகிறது என்று காணும்போது, உழைப்பு என்பது கால்களால் மட்டும் செய்வதன்று என்பது உங்களுக்கே புலப்படும். இரண்டு மணி நேர இணையவழிக் கூட்டமும் மூளைக்கு உழைப்புத்தான். தசை இளைக்கும் என்ற கவலை பொய்யில்லை. படுத்தபடியே கைகால்களை மெல்ல மடக்கி நீட்டுவது, வரம்புக்குள் இருக்கும்வரை, செய்யத் தக்கது. நிலைமை பல வாரங்கள் ஆடாமல் நின்ற பிறகே ஒரு சிறு படி கூட்டிப் பார்க்கலாம். உடம்பு மறுத்தால் தயங்காமல் பழைய அளவுக்கே திரும்பிவிட வேண்டும்.

கேள்வி: இந்நோயை மூன்று மாதங்களில் வேரோடு அறுக்கும் என்று ஒரு சத்துமாவு, மாத்திரைத் தொகுப்பை விற்கிறார்கள். விலை பதினெட்டாயிரம். வாங்கலாமா?
— வாசகர், சேலம்

பதில்: வேண்டாம். இந்நோயைக் குணப்படுத்தும் மருந்து உலகில் எங்கும் இதுவரை இல்லை. தொடக்கத்தில் நம்பிக்கை தந்த ரிட்டுக்சிமாப் என்ற விலையுயர்ந்த மருந்தைக்கூட, நார்வேயில் 151 நோயாளிகளிடம் முறையாகச் சோதித்துப் பார்த்து, ஒப்பீட்டுக்காகத் தரப்படும் மருந்துச் சத்தில்லாத போலி மருந்தைவிட அது மேலானதன்று என்று 2019-இல் வெளியிட்டுவிட்டார்கள். எடின்பரோ பல்கலைக்கழகம் தலைமையேற்ற 'டிகோட்-எம்.இ.' ஆய்வு, நோயாளிகளின் மரபணுத்தொகுதியில் எட்டு இடங்களில் வேறுபாடு உள்ளதாக 2025-இல் அறிவித்தது. அது காரணத்தைத் தேடும் பாதையில் நல்ல அடி, மருந்தாக மாறக் காலமாகும். அதுவரை வலி, உறக்கமின்மை, எழுந்தால் வரும் படபடப்பு ஆகியவற்றைத் தனித்தனியாக மருத்துவம் செய்து தணிக்கலாம். அந்தப் பதினெட்டாயிரத்தில் வீட்டு வேலைக்குச் சில மாதங்கள் ஆள் வைத்துக்கொண்டால் உடம்புக்கு உண்மையாகவே நன்மை உண்டு.

கேள்வி: பிளஸ் ஒன் படிக்கும் என் மகள் ஓராண்டாக இந்நோயால் அவதிப்படுகிறாள். பள்ளிக்குப் போகும் நாளில் திரும்பி வந்ததும் சீருடையோடு தரையில் படுத்துவிடுகிறாள். வருகைப்பதிவு குறைந்ததால் பள்ளியில் கடிந்துகொள்கிறார்கள். ஒரு வருடம் வீணாகிவிடுமே என்று அஞ்சுகிறேன்.
— தாய், கோயம்புத்தூர்

பதில்: சிறுவர்களும் வளரிளம் பருவத்தினரும் பெரியவர்களைவிட நன்றாகத் தேறக் கூடியவர்கள் என்பதை முதலில் மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். அந்த வாய்ப்பைக் கெடுப்பது, ஒரு வருடத்தைக் காப்பாற்றுவதற்காக அவளை நாள்தோறும் வரம்பு மீறச் செய்வது. சீருடையோடு தரையில் படுப்பது, வீட்டுக்குள் பத்தடி நடந்து படுக்கைக்குப் போகவும் அவளிடம் எதுவும் மிஞ்சவில்லை என்பதன் அடையாளம்.

மருத்துவச் சான்றிதழோடு தலைமையாசிரியரைச் சந்தித்து, அரை நாள் வருகை, காலை வழிபாட்டுக் கூட்டத்தில் நிற்பதிலிருந்தும் விளையாட்டு வகுப்பிலிருந்தும் விலக்கு, பாடங்களைத் தரைத்தளத்தில் வைப்பது ஆகியவற்றைக் கேளுங்கள். பள்ளி இணங்காவிட்டால், தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தில் பதிவு செய்து ஒவ்வொரு பாடமாக எழுதி ஐந்து ஆண்டுகளுக்குள் மேல்நிலைப் படிப்பை முடிக்கலாம். அந்தச் சான்றிதழ் கல்லூரிச் சேர்க்கைக்குச் செல்லும். எழுந்து நின்றால் தலை சுற்றுகிறதா என்றும் கேளுங்கள். பத்து நிமிடம் சுவரில் சாய்ந்து நிற்கவைத்து நாடியையும் இரத்த அழுத்தத்தையும் அளக்கும் எளிய சோதனையை மருத்துவர் தம் அறையிலேயே செய்யலாம். அதில் கோளாறு தெரிந்தால் நீரும் உப்பும் கூட்டுவது, இறுக்கமான காலுறை, சில மருந்துகள் என்று செய்வதற்கு வழிகள் உள்ளன.

கேள்வி: நான் இலண்டனில் வசிக்கிறேன். என் தங்கை மூன்று ஆண்டுகளாக இருட்டறையில் படுத்த படுக்கையாக இருக்கிறாள். பேச்சொலியே அவளுக்கு வேதனை. அம்மா ஊரிலிருந்து வந்து பார்த்துக்கொள்கிறார். அவருக்கு 67 வயது. ஆறுதல் சொல்ல வரும் உறவினர்களை வேண்டாம் என்றால் கோபித்துக்கொள்கிறார்கள். இதற்குமேல் என்ன வாழ்க்கைத்தரம் என்று யோசிக்கிறேன்.
— வாசகி, இலண்டன்

பதில்: உங்கள் தங்கையைப் போன்றவர்கள் மருத்துவமனைக்கு வர முடிவதில்லை, அதனால் மருத்துவர்கள் பலர் இந்நோயின் கடுமையான வடிவத்தை நேரில் பார்த்ததே இல்லை. நோயாளிகளில் கால்வாசிப் பேராவது வாழ்வின் ஏதோ ஒரு கட்டத்தில் வீட்டுக்குள்ளோ படுக்கையிலோ அடைபட்டுவிடுகின்றனர். டென்மார்க்கில் 2015-இல் வெளியான ஆய்வில் நடமாட்டம், தன்னைத்தானே பார்த்துக்கொள்ளல், அன்றாட வேலை, வலி, மனநிலை என்ற ஐந்தையும் சேர்த்து 1 என்ற முழு மதிப்பெண்ணுக்கு அளந்தபோது, பொதுமக்களின் சராசரி 0.85 ஆகவும் இந்நோயாளிகளின் சராசரி 0.47 ஆகவும் இருந்தது. ஒப்பிட்ட இருபது நோய்களில், பக்கவாதமும் நுரையீரல் புற்றுநோயும் உட்பட, எதுவும் இவ்வளவு கீழே இல்லை. அஞ்சலில் வந்த வினாத்தாளைத் தாமே நிரப்பும் நிலையில் இல்லாதவர்கள் இத்தகைய கணக்கில் இடம்பெறுவதே அரிது.

இந்த நிலையில் வாழ்க்கைத்தரம் மிகச் சிறிய விஷயங்களில்தான் கூடும், குறையும். அறைக்குள் ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் போகட்டும். வாசனைத் திரவியம், ஊதுபத்தி, தாளிப்பு நெடி எதுவும் எட்ட வேண்டாம். ஆம், இல்லை என்று விரலசைவால் சொல்லக்கூடிய கேள்விகளையே கேளுங்கள். ஒரே சமயத்தில் உடை மாற்றி, உணவூட்டி, விரிப்பையும் மாற்றிவிடலாம் என்ற சிக்கனம் இங்கே பொருந்தாது. ஒவ்வொன்றுக்கும் இடையில் இடைவெளி வேண்டும். உணவு விழுங்குவது குறைந்தாலோ எடை இறங்கினாலோ காத்திருக்க வேண்டாம். நைஸ் நெறிமுறையில் கடுமையான நோயாளிகளுக்கென்றே தனிப்பகுதி உள்ளது. வீட்டுக்கே வந்து பார்ப்பது, இணையவழியில் பேசுவது, ஊட்டச்சத்து நிபுணரிடம் அனுப்புவது ஆகியவை அதில் எழுதப்பட்டிருக்கின்றன. அந்தப் பகுதியை அச்சிட்டு உங்கள் குடும்ப மருத்துவரிடம் கொடுத்து, அதன்படி கேளுங்கள்.

அடுத்து உங்கள் அம்மா. முப்பது நாடுகளைச் சேர்ந்த 1,418 நோயாளிகளையும் அவர்களுடைய குடும்பத்தாரையும் ஒருசேரக் கேட்ட பிரிட்டன் ஆய்வு, நோயாளியின் வாழ்க்கைத்தரம் எந்த அளவுக்குக் குலைகிறதோ அதையொட்டிக் குடும்பத்தாருடையதும் குலைவதைக் காட்டியது. 67 வயதுப் பெண்மணி ஒருவரே இரவும் பகலும் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு நெடுநாள் தாங்காது. உள்ளூராட்சி மன்றத்திடம் பராமரிப்பு மதிப்பீடு கோரி விண்ணப்பிக்கும் உரிமை உங்கள் தங்கைக்கும், பராமரிப்பவர் என்ற முறையில் உங்கள் அம்மாவுக்கும் தனித்தனியே உண்டு. உறவினர்களின் கோபத்தைப் பற்றி நான் அதிகம் கவலைப்பட மாட்டேன். வந்து பார்த்தே தீருவேன் என்பவரிடம் வாசலிலேயே ஒரு வேலையைக் கொடுத்துவிடுங்கள்: கடைக்குப் போய் வரட்டும், அம்மாவைப் பூங்காவுக்கு அழைத்துச் செல்லட்டும்.

கேள்வி: வங்கியில் எழுத்தராகப் பணிபுரிகிறேன். மருத்துவ விடுப்பு தீர்ந்துவிட்டது. இந்நோய்க்கு மாற்றுத்திறனாளி அடையாள அட்டை கிடைக்குமா?
— வாசகர், திருநெல்வேலி

பதில்: 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 வகைகளில் இந்நோயின் பெயர் இல்லை. நாட்பட்ட நரம்பியல் நிலைகள் என்ற வகையின்கீழ் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், பார்க்கின்சன் ஆகியவற்றை "போன்ற" என்ற சொல்லோடு எடுத்துக்காட்டாகச் சொல்கிறது. உலகச் சுகாதார நிறுவனம் தன் நோய் வகைப்பாட்டில் இதை நரம்பு மண்டல நோய்களின்கீழ் வைத்திருக்கிறது. பதினோராம் பதிப்பில் அதன் குறியீடு 8E49. இந்தக் குறியீட்டை மேற்கோள் காட்டி நரம்பியல் மருத்துவர் எழுதிய அறிக்கையோடு தனித்துவ அடையாள அட்டைக்கு விண்ணப்பிப்பதில் தவறில்லை, ஆனால் கிடைத்துவிடும் என்று உறுதி தர மாட்டேன். சலுகைகளுக்குத் தேவையான 40 விழுக்காடு குறைபாடு என்ற வரம்பை மருத்துவக் குழு எப்படி மதிப்பிடும் என்பதும் இடத்துக்கு இடம் மாறும்.

ஆகவே அட்டைக்காகக் காத்திராமல், கிளை மேலாளரிடம் இப்போதே எழுத்துமூலம் கேட்க வேண்டியவை சில உண்டு: வாடிக்கையாளர் வரிசை இல்லாத பின்னிருக்கைப் பணி, வீட்டுக்கு அருகிலுள்ள கிளைக்கு மாற்றல், மதிய உணவுக்குப் பின் அரை மணி நேரம் படுக்க ஓர் இடம். விண்ணப்பத்தில் "சோர்வு" என்று மட்டும் எழுதினால் படிப்பவர் தமக்கும் அது உண்டு என்று ஒதுக்கிவிடுவார். எத்தனை மணி நேரம் உட்கார முடிகிறது, எவ்வளவு நேரம் நிற்க முடிகிறது, அதை மீறிய நாளுக்குப் பின் எத்தனை நாள் விடுப்பு எடுக்க நேர்ந்தது என்று கடந்த மூன்று மாதங்களின் குறிப்பை நாள்வாரியாக இணைத்துக் கொடுங்கள்.